பின்சீட்டு உத்தியோகம்

என் சம்பளம் முழுவதும் அடுத்தவர் முதுகைப் பார்த்து வாங்கியது. வேலூர் சத்துவாச்சாரியில், பைபாஸை ஒட்டிய மோட்டார் சைக்கிள் ஷோரூம் ஒன்றில் டெஸ்ட் ரைடு பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பெயர் சேகர். பொறுப்பாளர் என்பது அடையாள அட்டையில் இருந்த சொல். வண்டி வாங்க வருகிறவர் ஓட்டிப் பார்ப்பார், நான் பின்னால் உட்கார்ந்து போவேன், அவ்வளவுதான். என் மனைவி அதைப் பின்சீட்டு உத்தியோகம் என்பாள். சொந்தக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரிக்கவும் செய்வாள். பெரிய ஸ்போர்ட்ஸ் பைக்குகள் கடைக்கு வர ஆரம்பித்த பிறகு, காலையில் நான் கிளம்பும்போது மட்டும் அவள் சிரித்ததில்லை.

போன மாதம் ஷோரூமிலிருந்து என் இடத்தில் இப்போது இருக்கும் தம்பி போன் செய்தான். இனிமேல் ஊழியர் யாரும் பின்னால் உட்காரக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். வண்டியில் ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்களாம். எங்கே போகிறது, என்ன வேகம் என்று போனிலேயே தெரிந்துவிடுமாம். லைசென்ஸைப் படம் எடுத்துக்கொண்டு சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான். அவனுக்குச் சந்தோஷம். உயிருக்குப் பயந்துகொண்டே சம்பாதிப்பது யாருக்குப் பிடிக்கும்? "ஆமா, அத்தினி வருஷம் பின்னாடி ஒக்காந்து இன்னாதாண்ணே பாத்தீங்க?" என்று கேட்டான். ஏதோ சொல்லிச் சமாளித்து வைத்துவிட்டேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. சரியாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் முதலில் ஆற்காடு ரோட்டில் ஒரு ஷெட்டில் மெக்கானிக். கை சுத்தமாக இருக்கும் வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்று இந்த ஷோரூமுக்கு வந்தேன். அங்கே சர்வீஸ் மேனேஜராக இருந்தவர் ரஷீத் பாய். மேல்விஷாரத்துக்காரர். எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டைதான் போடுவார், அதில் ஒரு சொட்டு கிரீஸை யாரும் பார்த்ததில்லை. கோபம் வந்தால் அவர் குரல் ஏறாது, இறங்கும். என்ன திட்டுகிறார் என்று கேட்க நாம்தான் குனிந்து கிட்டே போக வேண்டும். குனிந்து போய்த் திட்டு வாங்குவதில் இருக்கிற அவமானம் நின்ற இடத்தில் வாங்குவதில் இல்லை.

வந்த புதிதில் அவர் என்னை வண்டி ஓட்டவே விடவில்லை. அவர் ஓட்டுவார், நான் பின்னால். ஒரு நாள் வேண்டுமென்றே தோளை இறுக்கி ஓட்டுவார், இன்னொரு நாள் தூக்கக் கலக்கத்தில் ஓட்டுகிறவன் மாதிரி ஓட்டுவார். இறங்கியதும், நான் இன்னா பண்ணேன் சொல்லு என்பார். எனக்குப் பேஜாராக இருக்கும். கண்ணால் பார்க்காதே, முட்டியால் பார் என்பார். பின்சீட்டில் உட்கார்ந்தால் நம் முட்டி இரண்டும் ஓட்டுகிறவர் இடுப்பை ஒட்டி இருக்கும், கை அவர் விலாவைச் சுற்றிப் பெட்ரோல் டாங்கில் இருக்கும். பயந்தவன் முதலில் மூச்சை நிறுத்துவான். அது விலாவில் தெரிந்துவிடும். பிறகு முழங்கை விறைக்கும். விறைத்த கையோடு யாரும் வண்டியைத் திருப்ப முடியாது. இதைத்தான் நான் பார்த்தேன் என்று அந்தத் தம்பியிடம் சொல்லியிருக்க வேண்டும்.

ரஷீத் பாய் சாவி கொடுக்கிற முறை ஒன்று உண்டு. காலையில் டயர் சூடாவதற்கு முன்னால் காற்று பார்ப்போம், செயினை விரலால் தூக்கித் தளர்வு பார்ப்போம். அதெல்லாம் எல்லா ஊரிலும் செய்வதுதான். வாடிக்கையாளர் வந்ததும் பாய் அவரை உட்கார வைத்து, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், ராத்திரி தூங்கினீர்களா என்று விசாரிப்பார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவர்களும் சொல்வார்கள். சாப்பிடாமல் வந்தவருக்குச் சாவி கிடைக்காது, டீயும் சமோசாவும்தான் கிடைக்கும். அதன் பிறகு, இன்ஜினைப் போடாமல் வண்டியை அவரே தள்ளிக்கொண்டு போய் கேட்டில் திருப்பி நிறுத்த வேண்டும். பெரிய வண்டியின் கனம் அங்கேதான் முதலில் தெரியும். ஷோரூமிலிருந்து ரத்தினகிரி வரை நான் ஓட்டுவேன், வாடிக்கையாளர் பின்னால். அங்கே பாலத்துக்கு அடியில் இடம் மாறி, திரும்பி வரும்போது அவர் ஓட்டுவார், நான் பின்னால்.

வந்து இறங்கியதும் சாவியை நான் பாயிடம் கொடுக்க வேண்டும். அதில்தான் எங்கள் ரகசியம். சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தால், வண்டியைத் தாராளமாக விற்கலாம் என்று அர்த்தம். மேஜை மேல் வைத்தால், இந்த ஆள் கையில் இந்த வண்டி வேண்டாம். மேஜை மேல் வைத்த சாவியைப் பார்த்ததும் பாய் சிரித்த முகத்தோடு, அந்தக் கலர் புக் ஆகிவிட்டது, வர மாதக்கணக்கில் ஆகும் என்பார். பிறகு பக்கத்தில் இருக்கும் சின்ன வண்டியைக் காட்டுவார். யார் முகத்திலும் கரி பூசாமல் காரியம் முடிந்துவிடும். வியாபாரம் போகிறதே என்று முதலாளி முணுமுணுப்பார். அடிபட்ட வண்டி சர்வீஸுக்கு வந்தால் அதைத் துடைப்பது நம் பையன்கள்தானே என்று பாய் ஒரு முறை சொன்னார். அதற்கப்புறம் முதலாளி கேட்கவில்லை.

இந்த முறையெல்லாம் வேகத்துக்குத்தான். தினப்படி ஓட்டத்துக்கு வண்டி தோதா என்று பார்க்க எங்களிடம் ஒன்றும் இல்லாமல் இருந்தது. ஆற்காட்டில் ஜவுளிக் கடை வைத்திருந்த ஒருவர் சித்திரையில் ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் எடுத்தார். அருமையாக ஓட்டக்கூடியவர், சாவியை நான் பாய் கையில்தான் வைத்தேன். ஆடியில் திரும்பி வந்து, வண்டியை எடுத்துக்கொள்கிறீர்களா என்றார். பஜார் நெரிசலில் இன்ஜின் சூட்டில் வலது காலில் கொப்புளம். தெருவில் இருக்கும் ஸ்பீடு பிரேக்கரில் வண்டியின் வயிறு உரசுவதால், தெருமுனையில் தெரிந்தவர் வீட்டில் நிறுத்திவிட்டு நடந்து போகிறார். சாப்பாட்டுப் பையை மாட்ட இடம் இல்லை. அவர் அம்மா ஒரு முறை ஏறப் பார்த்துவிட்டு, நான் ஆட்டோவிலேயே போய்க்கொள்கிறேன் என்றிருக்கிறார். நாங்கள் சிரித்துவிட்டோம், பாய் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து, தினமும் பின்னால் உட்காரப் போகிறவர் யாரோ, அவர் வந்து உட்கார்ந்து பார்க்காமல் பெரிய வண்டி டெலிவரி இல்லை என்று ஒரு விதி போட்டார். வீட்டு ரைடு என்று அதற்குப் பெயர். நிறுத்திய வண்டியில் உட்கார்ந்தால் போதும். இதெல்லாம் ஒரு விதியா என்று எனக்கு அப்போது இளக்காரம்தான்.

அந்த இளக்காரம் போன நாளைத்தான் சொல்ல வருகிறேன்.

ஒரு நாள் முற்பகலில் ஆம்பூரிலிருந்து காரில் நான்கு பேர் வந்தார்கள். அடுத்த வாரம் கல்யாணம். மாப்பிள்ளை அருண், அங்கே ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனி ஆபீஸில் வேலை. ஒல்லியான, அமைதியான ஆள். அவனோடு அவன் தாய்மாமன், மனை வியாபாரி. பெண்ணின் அப்பா மாணிக்கம், டேனரியில் தோலைத் தடவிப் பார்த்துத் தரம் பிரிக்கிறவர். பெண் நித்யா, வேறொரு ஷூ ஃபேக்டரியில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்தாள். ஹாலில் இருந்த வண்டிகளிலேயே பெரியதை மாமன் நேராகப் போய்த் தட்டி, இதுதான் என்றார். வண்டி பெண் வீட்டுச் சீராம். அதற்குச் சட்டத்தில் வேறு பெயர் இருக்கிறது. சீர் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சௌகரியம். மாணிக்கம் சீட்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, இது தோல் இல்லை, ரெக்சின் என்று மட்டும் சொன்னார்.

பாய் வழக்கம்போல விசாரித்தார். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கும், தூங்கினாயா என்று கேட்டதற்கும் அருணுக்குப் பதிலாக மாமனே பதில் சொன்னார். வண்டியைத் தள்ளச் சொன்னபோது கேட்டுக்குப் பக்கத்தில் அருணுக்குக் கால் தடுமாறியது. மாமன் சத்தமாகச் சிரித்து, மாப்பிள்ளையைக் கூலியாள் மாதிரித் தள்ளச் சொல்வது என்ன பழக்கம் என்று கடைப் பையன்களைக் கூப்பிட்டுத் தள்ள வைத்தார். பாய் என்னைப் பார்த்தார். லைசென்ஸ் சரியாக இருந்தது, மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. பெண்ணும் அப்பாவும் ஷோரூமிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஹெல்மெட்டை மாட்டி, அருணைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். கண்ணாடியில் பார்த்தால் மாமன் காரை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வருகிறார்.

ரத்தினகிரியில் இடம் மாறினோம். அருண் உட்கார்ந்ததும், மாமா வர்றாரா என்று கேட்டான். வருகிறார் என்றேன். கிளம்பி இரண்டாவது கியர் போட்டதும் மறுபடியும் அதையே கேட்டான். வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வண்டிகளில் பின்சீட்டு உள்ளங்கை அகலம்தான், அதுவும் ஓட்டுகிறவர் தோளுக்கு மேலே நம் நெஞ்சு நிற்கும் உயரத்தில். பிடிக்க ஒன்றும் கிடையாது. டாங்கில் கையை ஊன்றி, முட்டியை அவன் இடுப்பில் ஒட்டிக்கொண்டேன்.

கொஞ்ச தூரம் ஒழுங்காகத்தான் போனான். அப்போது வலது பக்கம் கார் வந்து ஒட்டியது. மாமன் கண்ணாடியை இறக்கி, ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையில் போனை நீட்டிப் படம் எடுத்தார். குடும்ப வாட்ஸப்பில் போட வேண்டும் போலிருக்கிறது. போனைப் பிடித்த கையாலேயே, முறுக்கு முறுக்கு என்று சைகை காட்டினார். அருண் முறுக்கினான்.

அந்த இன்ஜின் எப்படி இழுக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். என் கழுத்து பின்னால் போனது. அருணுடைய விலாவில் மூச்சு நின்றுவிட்டது. நான் அவன் காதருகே குனிந்து, கம்மி பண்ணுங்க என்றேன். அவனுக்குக் கேட்கவில்லை, அல்லது கேட்டும் கை வரவில்லை. அந்த நேரத்தில்தான் எனக்கு வாடை வந்தது.

இந்தப் பக்கத்து ரோட்டில் ஓட்டுகிறவர்களுக்கு அந்த வாடை ஒரு எச்சரிக்கை. உப்புப் போட்ட பச்சைத் தோலை ஏற்றிக்கொண்டு சென்னைப் பக்கத்திலிருந்து லாரிகள் ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் போகும். தார்ப்பாய்க்கு அடியிலிருந்து உப்புத் தண்ணீரும் கொழுப்பும் கலந்து ஒழுகிக்கொண்டே இருக்கும். லாரிக்குப் பின்னால் ரோட்டில் ஒரு ஈரக் கோடு விழும். அதில் பிரேக் பிடித்தவன் எழுந்து நின்றதை நான் பார்த்ததில்லை. அதனால் வாடை வந்தவுடனே வேகத்தைக் குறைத்து விலகிவிடுவோம். அருண் டேனரிகளுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவன். அவனுக்கு அது வாடையே இல்லை, வீட்டுக் காற்று. அவன் மூக்கு அவனுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

லாரி எங்கள் லேனிலேயே முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஈரக் கோடு வெயிலில் மின்னியது. வலது பக்கம் மாமன் கார், விலக வழியில்லை. இடது பக்கம் ஒரு ஆள் அகலத்துக்கு மண் ஓரம். அருண் லாரியின் பின்கதவையே பார்த்துக்கொண்டு நேராக அதை நோக்கிப் போனான். அவன் வலது கையின் விரல்கள் முன் பிரேக் மேல் ஒவ்வொன்றாக நீள்வதை நான் தோளுக்கு மேலிருந்து பார்த்தேன். முழங்கை இரண்டும் கம்பி மாதிரி விறைத்திருந்தன. பின்சீட்டில் இருப்பவனுக்குப் பிரேக்கும் கிடையாது, ஆக்சிலேட்டரும் கிடையாது. வாய் ஒன்றுதான். என் பிள்ளைகள் முகம் ஞாபகம் வந்தது என்று சொன்னால் பொய். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

"பிரேக்கு வேணாம்," என்றேன். கத்தவில்லை. கத்தினால் பிடித்துவிடுவான். "ஆக்சிலேட்டர மட்டும் விடுங்க. மூச்சு விடுங்க."

அவன் வலது முழங்கையைக் கீழிருந்து மெல்லத் தட்டினேன். அது மடங்கியது. விலாவில் ஒரு பெரிய மூச்சு வந்து போனது. வேகம் குறைந்தது, ஆனாலும் லாரி கிட்டே வந்துகொண்டேயிருந்தது. லாரியைப் பார்க்காதீர்கள், இடது ஓரத்தைப் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே என் உடம்பை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்தேன். ஈரக் கோட்டைத் தாண்டும்போது பின் சக்கரம் ஒரு முறை வழுக்கி வந்தது. அருண் பிரேக்கைத் தொடவில்லை. வண்டி நிமிர்ந்து மண் ஓரத்தில் இறங்கி, குலுங்கிக் குலுங்கி நின்றது. மாமன் ஒன்றும் தெரியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார்.

இறங்கினேன். அருண் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு ரோட்டோர இரும்புத் தடுப்பில் உட்கார்ந்தான். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். நடுக்கம் எனக்குத் தெரியக் கூடாதாம். தனக்கு ஸ்கூட்டர்தான் பழக்கம், கல்யாணப் பேச்சு வந்த பிறகுதான் நண்பனுடைய சின்ன வண்டியில் கியர் பழகி லைசென்ஸ் எடுத்ததாகச் சொன்னான். வண்டி கேட்டது அவன் இல்லை. மாமன் பெண் வீட்டில் கேட்டுவிட்டு, சம்மதம் வாங்கிவிட்டேன் பார் என்று வந்து சொன்னாராம். அப்பா இல்லாத பிள்ளையைப் படிக்க வைத்தவர் அவர்தானாம்.

"மாமாகிட்ட சொல்லிடாதீங்கண்ணா," என்றான். "வண்டி சூப்பர்னு மட்டும் சொல்லுங்க. அப்பறம் நான் மெதுவா ஓட்டிக்கறேன்."

பின்னால் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேட்டேன். நித்யாதான் என்றான். தினமும் காலையில் அவளை ஃபேக்டரி கேட்டில் இறக்கிவிட்டுத்தான் அவன் வேலைக்குப் போக வேண்டும். கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் உயிராவது சம்பளத்துக்கு உட்கார்ந்த உயிர். அந்தப் பெண் எதற்கு இவனுடைய கூச்சத்துக்கு உயிரைக் கொடுக்க வேண்டும்? ஆனால் அவனைப் பார்த்தால் திட்டவும் வாய் வரவில்லை. சாவியை வாங்கி, ஷோரூம் வரை நானே ஓட்டி வந்தேன்.

மாமன் ஏற்கெனவே வந்து சோபாவில் உட்கார்ந்து எல்லாருக்கும் வீடியோவைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் போய்ச் சாவியை மேஜை மேல் வைத்தேன். பாய் அதைப் பார்த்தார், சிரித்தார். அந்தக் கலர் புக் ஆகிவிட்டது, வர நாளாகும் என்றார். வழக்கமாக இந்த இடத்தில் எல்லாம் முடிந்துவிடும். அன்றைக்கு முடியவில்லை. அதனால் என்ன, பெங்களூரில் கிடைக்கும், இப்படியே கிளம்பினால் சாயந்திரத்துக்குள் எடுத்துவிடலாம் என்று மாமன் போனை எடுத்துவிட்டார். அங்கே யாரோ தெரிந்தவர் இருக்கிறாராம், எழுந்தே விட்டார். அருண் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மேஜை மேல் சாவி கிடந்தது. அதற்கு மேல் எங்களிடம் வேறு வழி இல்லை. பெங்களூரில் எவன் பின்னால் உட்காரப் போகிறான்? நான் வாயைத் திறந்தால் அடுத்த வாரக் கல்யாணம் என்னவாகும் என்று தெரியாது. திறக்காவிட்டால் என்னவாகும் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

பாய் குரல் இறங்கியது. மாமன் குனிந்து கிட்டே வர வேண்டியதாயிற்று.

"வண்டிய நீங்க எங்க வேணா வாங்குங்க சார். தெனம் பின்னாடி ஒக்காரப் போறவங்க ஒரு வாட்டி ஒக்காந்து பாத்துட்டு வாங்குங்க. நிக்கிற வண்டிதான்."

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே வண்டியில் உட்காருவதா என்று மாமன் முகத்தைச் சுளித்தார். மாணிக்கம் எழுந்து, நீ ஏறிப் பாரும்மா என்று மகளிடம் சொன்னார்.

ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு நடு ஸ்டாண்டு கிடையாது. நான் ஹேண்டில் பாரைப் பிடித்துக்கொண்டேன், பாய் பின்னால் பிடித்தார். அருண் முன்னால் உட்கார்ந்தான். நித்யா புடவையில் இருந்தாள். கடைப் பையன் ஒரு ஸ்டூல் கொண்டு வந்து போட, அதில் ஏறி ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். அவன் தலைக்கு மேலே அவள் தோள் தெரிந்தது. இரண்டு கால்களும் ஒட்டாமல் தொங்கின. ஒரு கால் வைக்க இடம் தேடித் துழாவியது, கிடைக்கவில்லை. கையால் பிடிக்க எதையாவது தேடினாள், அதுவும் இல்லை. அவன் தோள்தான் இருந்தது, அதைத் தொடக் கூச்சப்பட்டாள். மாமன், சும்மா ஜோராக இருக்கிறது என்றார். அவள் அதைக் கேட்கவில்லை. ஹேண்டில் பார் மேல் இருந்த அருண் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பிடித்திருந்த ஹேண்டில் பார் வழியாக அந்த நடுக்கம் எனக்கும் வந்துகொண்டிருந்தது.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, இவரு பின்னாடி ஒக்காந்துதானே வந்தீங்க. தெனம் நான் ஒக்காரலாமா?"

என் சர்வீஸில் யாரும் என்னிடம் வாய்விட்டு இதைக் கேட்டதில்லை. நான் சாவியால் பதில் சொல்லியே பழகியவன். ஹால் முழுக்க என்னைப் பார்த்தது. உட்காராதே என்றால் பழி வண்டி மேல் விழாது, அவன் மேல்தான் விழும், அதுவும் அவன் மாமனார் முன்னால். ஆனாலும் சொல்வதென்று முடிவு செய்துவிட்டேன். நான் வாயெடுப்பதற்குள் அருண் திரும்பினான்.

"அவரக் கேக்காத நித்யா. என்னக் கேளு."

"சரி, நீங்க சொல்லுங்க."

"ஒக்காராத. எனக்கு இத ஓட்டத் தெரியல. வழியில விழப் பாத்தோம். அவருதான் காப்பாத்துனாரு."

மாமன் டேய் என்று ஆரம்பித்தார். கையில் இருந்த போனில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாணிக்கம் மாப்பிள்ளையையே பார்த்துக்கொண்டு நின்றார். நித்யா அருண் தோளில் கையை அழுத்தி ஊன்றிக்கொண்டு கீழே இறங்கினாள். புடவையைச் சரிசெய்தாள்.

"வேற வண்டி காட்டுங்கண்ணா," என்றாள் என்னிடம். "நானும் ஓட்டுற மாதிரி."